நாச்சியார் மூன்று விநாடி தொலைவில்

சுரங்கத்திலிருந்து ஏறி வந்ததும் இசக்கி முதலில் கைகளைத்தான் துடைத்தாள். பனியைத் தோண்டி எடுப்பவர்களுக்கே ஈரத்துணிதான் பங்கு. குழாயைத் திறந்து கை கழுவும் வசதியெல்லாம் நிலாவில் கிடையாது. விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து முகர்ந்து பார்த்தாள். நிலாத் தூசிக்கு வெடித்து முடிந்த பட்டாசின் வாசனை உண்டு. அந்த வாசனையோடு மகளிடம் போகக் கூடாது என்று அவளுக்கு ஓர் எண்ணம். போவது தான் அல்ல, நாலு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் உடன்குடியில் ஒரு தொட்டிலின் மேல் பொருத்தியிருக்கும் இயந்திரக் கைதான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் துடைத்துக்கொள்வாள்.

வீட்டறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வீட்டறை என்பது அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஸ்கிரீன், சுவரில் தொங்கும் ஒரு கையுறை. ஷிப்ட் முடிந்தவர்கள் முறைவைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் குடும்பத்தோடு இருந்துவிட்டு வருவார்கள். "வீட்டுக்குப் போயிட்டு வாரேன், சோத்த எடுத்து வை" என்று கூட வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டுப் போவது அங்கே சாதாரணப் பேச்சு.

தென்முனை நிலையத்தில் நெடுநாள் இருந்தவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவரிடம் உப்பை எடுக்கச் சொன்னால்கூட, சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு சற்று நேரம் சும்மா இருப்பார்கள். இங்கிருந்து ஒரு வார்த்தை பூமிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை விநாடி. அதற்குப் பதில் வந்து சேர ஒன்றரை விநாடி. எத்தனையோ பெரிய மூளைகள் முயன்றும் அந்த மூன்று விநாடியில் ஒரு துளியைக்கூடக் குறைக்க முடியவில்லை. ஒளியின் வேகம் அவ்வளவுதான். ஆகவே மனிதர்கள்தாம் தங்கள் பேச்சை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

முறை வந்தது. இசக்கி உள்ளே போய் உட்கார்ந்து கையுறையை மாட்டினாள். ஸ்கிரீனில் பேச்சிமுத்து தெரிந்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்புகளைப் பார்த்துக்கொள்பவன்; குழந்தைக்காக விடுப்பில் இருந்தான்.

"வந்துட்டியா இசக்கி? சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல அத்தான். மொதல்ல அவளக் காட்டுங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு படம் குலுங்கி, தொட்டிலின் பக்கம் திரும்பியது.

நாச்சியார் மல்லாந்து கிடந்து சுவரில் ஆடும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. இசக்கி அவளை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

நிலாவுக்கு வேலைக்கு வரும் பெண்கள் வயிற்றில் குழந்தையோடு வரக் கூடாது. குறைந்த ஈர்ப்பில் வளரும் எலும்பை நம்ப மருத்துவர்கள் யாரும் தயாராக இல்லை. அதனால் பலரைப்போல இசக்கியும் கருவைத் திருநெல்வேலியில் ஒரு கருக்கலத்தில், அதாவது இயந்திரக் கருப்பையில், ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். பிறப்பதற்கு முன்பே திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் நிலையத்தின் இறங்குதளத்தில் விரிசல் விட்டது. அதைச் சரிசெய்யும்வரை ஆட்களை ஏற்றும் கலம் எதுவும் இறங்க முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். கருக்கலத்தைத் திறந்து குழந்தையை வெளியே எடுத்த நேரத்தில் அவள் இருட்டுப் பள்ளத்துக்குள் துளைப்பான் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். மேலே வந்தபோது பெண் பிறந்திருக்கிறது என்று சொன்னார்கள்.

தொட்டிலுக்கு மேலே இருந்த இயந்திரக் கைக்குத் தொலைக்கரம் என்று பெயர். கைக்குழந்தையைத் தொட அதற்கு அனுமதி இல்லை, விளையாட்டுக் காட்டலாம். அதன் நுனியில் சிவப்புத் துணியில் தைத்த மீன் ஒன்றைப் பேச்சிமுத்து கட்டித் தொங்கவிட்டிருந்தான். மீனின் வயிற்றில் சின்னச் சலங்கை. இசக்கி இங்கே கையுறைக்குள் விரலை மடக்கினால் அங்கே மீன் துள்ளும். அவள் மகளிடம் அவளுடையதாக இருந்தது அந்த ஒரு துள்ளல்தான்.

நாச்சியார் வலது காலை உதைத்தாள். பார்த்த கணமே இசக்கி விரலை மடக்கினாள். அந்த அசைவு போய்ச் சேருவதற்குள் அங்கே கால் ஓய்ந்து, பார்வை மறுபடி வெயிலுக்குத் திரும்பியிருந்தது. மீன் தன்பாட்டுக்குத் துள்ளியது. நாச்சியார் அதை மழையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கும் அதற்கும் என்ன என்பதுபோல.

"நான் ஒண்ணு காட்டுதேன், பாரு" என்றான் பேச்சிமுத்து. தொட்டில் விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு காத்திருந்தான். குழந்தை கால் உதைத்ததும் நாக்கைச் சொடுக்கி 'டொக்' என்றான். குழந்தை அவனைப் பார்த்தது. இன்னொரு உதை. இன்னொரு 'டொக்'. மூன்றாவது உதைக்கு முன் அதன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கும் முகம்.

"பேசுதா பாத்தியா?" என்று அவன் பெருமையோடு ஸ்கிரீனைப் பார்த்தான்.

"ஆமா" என்றாள் இசக்கி. கையுறைக்குள் அவள் கை வியர்த்திருந்தது.

நிலையத்தில் சிக்னல் வேலையைப் பார்த்தவன் சாகுல் அமீது. காயல்பட்டினத்துக்காரன். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவது வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு நிலையத்தில் எல்லோருக்கும் அவன் காக்காவாகிவிட்டான். சாப்பிடும்போது இசக்கி அவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஞாபகம் ரொம்பக் குட்டை தங்கச்சி" என்றான் சாகுல். "கால ஒதச்சதும் ஒண்ணு நடந்தா, இது என்னால ஆச்சுன்னு அதுக்குப் படும். கொஞ்சம் பிந்தி நடந்துச்சுன்னா, ஒதச்சது ஒரு சங்கதி, நடந்தது வேற சங்கதி. ரெண்டையும் முடிச்சுப் போட அதால முடியாது. நீ ஆட்டுறது அதுக்குக் காத்து அடிக்கிற மாதிரி."

"அப்ப நான் எதுக்கு தினமும் போய் உக்காந்து ஆட்டுதேன்?"

சாகுல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நிரப்பி போட்டுக்கயேன். நம்மள்ல முக்காவாசிப்பேர் போட்டுத்தான் இருக்கோம்."

நிரப்பி அவளுக்குத் தெரியாததல்ல. அவளும் பேச்சிமுத்தும் பேசும்போதே அது நடுவில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அவன் எதையாவது சொல்லி முடித்ததும் அவன் ஸ்கிரீனில் இசக்கியின் முகம் உடனே தலையாட்டும், 'ம்' என்று சொல்லும். அது அவள் செய்ததல்ல. அவள் எப்படித் தலையாட்டுவாள் என்று கற்றுவைத்திருக்கும் மென்பொருள் செய்வது. அவளுடைய உண்மையான பதில் பின்னால் வந்து சேரும். பெரியவர்களுக்கு இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த மரியாதை, அவ்வளவுதான். குழந்தைக்குப் போடுவதென்றால் மட்டும் தாய் தகப்பன் இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னார்கள்.

மறுநாள் நாச்சியார் கால் உதைத்தாள். உதைத்த அதே நொடியில் மீன் துள்ளியது. அவள் அசையாமல் கிடந்தாள். மறுபடி உதைத்தாள். மறுபடி துள்ளியது. அரைமணி நேரம் முடிவதற்குள் குழந்தை வாய்விட்டுச் சிரித்தது. அதன் முதல் சிரிப்பு அது. பேச்சிமுத்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

இசக்கியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையுறையிலும் ஓர் ஏற்பாடு இருந்தது. அங்கே நிரப்பி மீனை ஆட்டிய பிறகு, செய்தி இங்கே வந்து சேரும்போது, கையுறை அவள் விரல்களை மெல்ல இழுத்து மடக்கும். ஸ்கிரீனில் மீன் துள்ளுவதும் அவள் விரல் மடங்குவதும் ஒன்றாக நடக்கும். தானே ஆட்டியதுபோல இருக்கும். சில நாட்கள் அவள் அந்த நினைப்பில் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். துளைப்பானை ஓட்டும்போதும் விரல்கள் அந்த இழுப்பை நினைத்துக்கொண்டிருந்தன.

பிறகு ஒருநாள் மூக்கு அரித்தது. யோசிக்காமல் கையுறையைக் கழற்றிச் சொறிந்துகொண்டாள். ஸ்கிரீனில் நாச்சியார் உதைத்தாள், மீன் துள்ளியது, நாச்சியார் சிரித்தாள். வெறும் கையுறை அவள் மடியில் கிடந்து தானே விரலை மடக்கி விரித்துக்கொண்டிருந்தது. இசக்கி அதைத் திரும்ப மாட்டவில்லை. அரைமணி நேரமும் மடியில் அது அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே விளையாட்டு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

மறுநாள் நிரப்பியை நிறுத்தச் சொன்னாள்.

"ஏன் நிறுத்துன?" என்றான் பேச்சிமுத்து. "புள்ள மீனையே பாத்துக்கிட்டு ஒதச்சு ஒதச்சு ஓஞ்சு போறா."

"அது நான் இல்ல அத்தான்."

"அவளுக்கு அது தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுதே."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அல்லது சொல்லி, அது இன்னும் வந்து சேரவில்லையோ என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

அதன்பிறகு இசக்கி ஒரு காரியம் செய்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு, ஆட்டாமல், மகளை வெறுமனே பார்த்தாள். ஒவ்வொரு நாளும் பார்த்தாள். நாச்சியார் உதைப்பதற்கு முன்னால் கால்விரல்கள் விசிறிபோல விரியும். மூச்சை இழுத்துப் பிடிப்பாள். அதற்கும் முன்னால் இடது கை முஷ்டி மெல்ல வாய்ப்பக்கம் போகும். இரண்டு உதை, ஓர் ஓய்வு, மறுபடி இரண்டு உதை. பால் குடித்தபின் ஓய்வு நீளும். தும்மினால் கணக்கு கலைந்துவிடும். பள்ளத்தின் இருட்டில் துளைமுனையின் சத்தத்தை வைத்தே அடியில் பாறையா பனியா என்று சொல்லிவிடக்கூடியவள் அவள். அதே காதால், அதே கண்ணால் மகளைக் கற்றுக்கொண்டாள்.

பிறகு முந்தி ஆட்ட ஆரம்பித்தாள். உதை வரப்போகிறது என்று தோன்றும்போதே, அது வருவதற்கு மூன்று விநாடி இருக்கும்போதே, விரலை மடக்கி அசைவை அனுப்பிவிடுவாள். முதலில் தவறின. பிறகு ஒன்று சரியாகப் பொருந்தியது. கொஞ்ச நாளில் பெரும்பாலும் பொருந்தியது. அவள் விரலிலிருந்து கிளம்பிய துள்ளல் வானத்தைக் கடந்து போய், அங்கே நாச்சியாரின் கால் எழும் அதே நேரத்தில் மீனிடம் போய்ச் சேர்ந்தது.

"நிரப்பி போட்டுட்டியா?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"இல்ல, நாந்தான்."

காத்திருந்தாள். அவன் முகம் மாறுவது தெரிந்தது. "நீயா? எப்பிடிளா?"

"அவ எப்ப ஒதப்பான்னு எனக்குத் தெரியும்" என்றாள் இசக்கி. அதைச் சொன்னபோது அவளுக்கு இருந்த நிறைவை, மகளைப் பத்து மாதம் வயிற்றில் சுமந்த எந்தத் தாயின் நிறைவைவிடவும் குறைந்ததாக அவள் நினைக்கவில்லை.

அந்த வாரத்திலேயே அது நடந்தது.

நாச்சியார் நன்றாகத் தூங்கி எழுந்து குஷியாக இருந்தாள். இரண்டு உதை; மீன் இரண்டுமுறை துள்ளியது. ஓய்வு. இரண்டு உதை, இரண்டு துள்ளல். குழந்தை கெக்கலித்தது. மறுபடி ஓய்வு. முஷ்டி வாய்ப்பக்கம் போயிற்று. இசக்கி விரலை மடக்கினாள். அடுத்ததற்கும் சேர்த்து இன்னொரு முறை மடக்கினாள். கால்விரல்கள் விரிந்தன. கால் எழுந்தது.

எழுந்த கால் உதைக்கவில்லை. பாதி உயரத்தில் அப்படியே நின்றது.

நாச்சியார் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மீனைப் பார்த்தாள். இதற்கு முன் அவள் அப்படிச் செய்ததே இல்லை. நான் நிறுத்தினால் நீ என்ன செய்வாய் என்று கேட்டாள். வாய் திறந்து கேட்டிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

இசக்கி விரல்களை இறுக மூடினாள். பயன் இல்லை. அவள் பார்ப்பது முன்னமே நடந்து முடிந்தது. அனுப்பிய அசைவோ அவள் கையை விட்டுப் போய்விட்டது. வேண்டாம், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தச் சொல்லும் அசைவுக்குப் பின்னால்தான் போக முடியும்.

மீன் துள்ளியது. சலங்கை ஒலிக்க, மறுபடி ஒருமுறை துள்ளியது.

நாச்சியாரின் முகத்தில் இருந்த கேள்வி அணைந்தது. அழவில்லை. கால் மெதுவாகக் கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் மீனையே பார்த்தாள், மழையைப் பார்த்த அந்தப் பழைய பார்வை. பிறகு தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னாச்சு? ஒறக்கம் வருதோ?" என்று பேச்சிமுத்து கேட்டது காதில் விழுந்தது. இசக்கி கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். அவளுடைய நேரம் பாதிக்குமேல் மீதி இருந்தது.

சாகுலின் அறையில் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். "நிரப்பியா இருந்தா நின்னிருக்கும், இல்ல காக்கா?"

"நின்னிருக்கும். கால் நின்ன ஒடனே அதுவும் நின்னிருக்கும்."

"அப்ப அதையே போட்டுட வேண்டியதுதானா?"

சாகுல் கையிலிருந்த மின்கம்பியைச் சுருட்டிவைத்தான். "என் மவன் நிரப்பியோட வளந்தவன், நாலு வயசாவுது. போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒருநாள் எங்கிட்ட வந்து, கடலுக்குள்ள மீன் ஒறங்குமான்னு கேட்டான். நான் கொஞ்சம் யோசிச்சேன். அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டான். பின்னாலயே போய் ஏண்டான்னு கேட்டா, 'டிவில இருக்கிற வாப்பாதான் கேட்டவுடனே சிரிப்பாக. நீங்க அவுக இல்ல'ங்கறான்." அவன் சிரிக்க முயன்றான். "அவனுக்கு நான் மெதுவான ஆளு தங்கச்சி. லீவு முடியுற மட்டும் அப்படித்தான் இருந்துச்சு."

அன்று இசக்கி மறுபடி பள்ளத்துக்குள் இறங்கினாள். தான் இத்தனை நாள் செய்ததும் நிரப்பி செய்ததும் வேறு வேறு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். துளைப்பானுக்குள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. நிரப்பி மகளின் உதைக்குப் பின்னால் ஓடியது. அவள் முன்னால் ஓடினாள். இரண்டிலும் நாச்சியாருக்கு ஏமாற்றம் காத்திருந்தது, ஒன்றில் இன்றைக்கு, மற்றொன்றில் நாலு வருடம் கழித்து. மகளை முழுதாகத் தெரிந்துவிட்டது என்று நம்பிய அன்றைக்குத்தான் மகள் காலை நிறுத்திப் பிடித்தாள். தெரிந்துவிட முடியாத ஓர் ஆள் அந்தத் தொட்டிலில் கிடக்கிறாள். அந்த ஆளிடம் எட்ட இசக்கிக்கு வழி இல்லை. ஆனால் அந்த ஆள் தன்னைத் தானே எட்டிப்பிடிக்க ஒரு வழி செய்து கொடுக்கலாம்.

மறுநாள் பேச்சிமுத்துவிடம் சொன்னாள். "அத்தான், மீனத் தொலைக்கரத்துலருந்து கழத்திருங்க. தொட்டில் கம்பியில கட்டித் தொங்கவிடுங்க. ஒரு துணி நாடா எடுத்து ஒரு முனைய மீன்ல கட்டுங்க, இன்னொரு முனைய அவ கால்ல. இறுக்காம, மெதுவா."

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "அப்ப நீ எத ஆட்டுவ?"

"நான் ஆட்ட வேண்டாம்."

"இசக்கி, உன்னோடதுன்னு இந்த வீட்டுல இருக்கிறது அந்தக் கை ஒண்ணுதான். அதையும் வேண்டாங்கியா? புள்ள உன்னை எப்பிடி அறியும்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். "என்னை அப்புறம் அறியட்டும். மொதல்ல அவள அவ அறியட்டும். அவ ஆட்டினா ஆடணும், நிறுத்தினா நிக்கணும். அது என்னால முடியல அத்தான். நிக்க என்னால முடியல."

கொஞ்ச நேரம் படத்தில் யாரும் இல்லை. பிறகு அவன் பழைய வேட்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டோடு வந்தான். நாச்சியாரின் வலது கணுக்காலில் தளர்வாகக் கட்டினான். மறுமுனையை மீனோடு முடிந்தான். கட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். இசக்கி கையுறையைச் சுவரில் மாட்டிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் எதுவும் ஆகவில்லை. நாச்சியார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகக் கால் இழுத்தது, சலங்கை குலுங்கியது. அவள் திடுக்கிட்டு உறைந்தாள். பிறகு இடது காலை உதைத்தாள். ஒன்றும் இல்லை. கைகளை விசிறினாள். ஒன்றும் இல்லை. கோபம் வந்ததுபோல உடம்பு முழுவதையும் முறுக்கி உதறினாள். மீன் பலமாகத் துள்ளியது. மறுபடி உதறினாள். மறுபடி துள்ளியது. உதறிக்கொண்டே இருக்கையில் உடம்பின் மற்ற பாகங்கள் ஒவ்வொன்றாக அடங்குவதை இசக்கி கண்டாள். கைகள் அடங்கின. இடது கால் அடங்கியது. கடைசியில் நாடா கட்டிய ஒரு கால் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அதுவும் நின்றது.

நாச்சியார் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். மீன் ஆடியது, ஆட்டம் குறைந்தது, கடைசியாகச் சலங்கை ஒருமுறை முனகிவிட்டு ஓய்ந்தது. மீன் நின்றது. நாச்சியார் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், ஒரே ஓர் உதை உதைத்தாள்.

மீன் துள்ளியது.

குழந்தை சிரிக்கவில்லை. அதன் கண்கள் அகன்றன. வாயிலிருந்து 'ஹா' என்று ஒரு சத்தம் வந்தது, பெரிய மனிதர்கள் தொலைத்த பொருளைக் கண்டெடுத்தால் போடுவதுபோல. பிறகு யாரிடமாவது சொல்ல வேண்டும்போலத் தலையைத் திருப்பித் தேடினாள். தகப்பனைப் பார்த்தாள். அவன் கண்ணீரும் சிரிப்புமாக, நாக்கைச் சொடுக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தான்.

ஸ்கிரீன் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. அங்கே யாராவது இருப்பதாக அவளுக்கு எப்படித் தெரியும்? இசக்கி பார்த்தவை அத்தனையும் ஒன்றரை விநாடிக்கு முன்னால் நடந்து முடிந்துவிட்டவை. அவள் மகள் அவள் இல்லாமலே ஓர் ஆளாகிவிட்டாள். கதவைத் தட்டி, நேரம் முடிந்தது என்று வெளியிலிருந்து யாரோ சொல்லும்வரை அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகும் அவள் தினமும் வீட்டறைக்குப் போனாள். கையுறையைத் தொடுவதில்லை. சும்மா பேசுவாள், பள்ளத்தின் இருட்டைப் பற்றி, அடிவானத்தில் பாதி முங்கிக் கிடக்கும் பூமியைப் பற்றி, கையில் கிடைத்த பனிக்கட்டியின் நிறத்தைப் பற்றி. குரல் பிந்தி வந்தாலும் குரல்தானே. நாச்சியார் குப்புறக் கவிழ்ந்தாள், பிறகு தவழ்ந்தாள். மீனைக் கடித்துக் கிழித்தாயிற்று என்று பேச்சிமுத்து ஒருநாள் சொன்னான். தவழ ஆரம்பித்தபிறகு அவள் படத்துக்குள் நிற்பதே இல்லை. இசக்கி பல நாள் வெறும் தரையையும், எங்கிருந்தோ கேட்கும் பாத்திரச் சத்தத்தையும் பார்த்துக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

இறங்குதளம் சரியாகி, கலம் வந்து, குலசேகரப்பட்டினத்தில் அவள் இறங்கியபோது மகளுக்கு ஒரு வயது ஆகவிருந்தது. சக்கர நாற்காலியில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நிலாவில் இலகுவாக இருந்த உடம்பு இங்கே கல்லாகக் கனத்தது. கையை உயர்த்தித் தலைவாருவதே பெரும்பாடு. எலும்பு தேறும்வரை எதையும் தூக்கக் கூடாது, குழந்தையைத் தூக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். வழியெல்லாம் அவள் நினைத்துக்கொண்டு வந்ததோ குழந்தையைத் தூக்குவதைத்தான்.

நாச்சியார் தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவளைப் பார்த்தாள். கிட்டே வரவில்லை.

"அம்மா டா. போ, அம்மாட்ட போ" என்று பேச்சிமுத்து தள்ளினான்.

"தள்ளாதீங்க அத்தான்."

பேச்சிமுத்து பாயை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி இசக்கியை உட்காரவைத்தான். "நாச்சி" என்று கூப்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் இசக்கி காத்திருக்க ஆயத்தமானாள். குழந்தை அந்த நொடியே திரும்பிப் பார்த்தது. இசக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சீக்கிரம் ஒரு பதில் வரும் என்பதை அவள் உடம்பு மறந்தேவிட்டிருந்தது.

சில நாள் அப்படியே போயிற்று. நாச்சியார் அவளைச் சுற்றிக்கொண்டு போவாள். கரண்டியைக் கொண்டுவந்து எட்ட இருந்தே போட்டுவிட்டுத் தவழ்ந்து போய்விடுவாள். ஒருமுறை இசக்கியின் பெருவிரலைத் தொட்டுப் பார்த்தாள். இசக்கி கையை நீட்டினால் விலகிப் போய்விடுவாள். நீட்டாமல் இருக்க இசக்கி கற்றுக்கொண்டாள். நிலாவில் கற்றதையெல்லாம்விட அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு காலையில் நாச்சியார் தட்டுத்தடுமாறி அவள் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

இசக்கி அவளுடைய அக்குளுக்கடியில் கைகளைக் கொடுத்தாள். குழந்தையின் விலா எலும்புகள் சூடாக, மெத்தென்று, விரல்களுக்குள் வந்தன. தூக்கினாள். தூக்க முடியவில்லை. கைகள் நடுங்கின, தோளில் சுருக்கென்று வலி இறங்கியது. பாதங்கள் தரையைவிட்டு எழும்பக்கூட இல்லை. மறுபடி முயன்றாள். நாச்சியார் தூக்கிய கைகளோடு பொறுமையாக நின்றாள்.

அடுக்களையிலிருந்து பேச்சிமுத்து ஓடிவந்தான். "விடு இசக்கி, எலும்பு என்னத்துக்கு ஆவும்! நான் தூக்கி உன் மடியில வைக்கேன்."

அவன் குனிந்து எடுக்கப்போனபோது நாச்சியார் அவன் கையைத் தட்டிவிட்டாள். தன் கைகளைக் கீழே இறக்கினாள். இசக்கியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள், பிறகு அவள் நீட்டிய கால்களைப் பார்த்தாள். அவள் சேலையை ஒரு கொத்தாகப் பிடித்துக்கொண்டு, தொடையின்மேல் ஒரு முழங்காலை வைத்தாள். வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து, இந்தமுறை சேலையை இன்னும் மேலே பிடித்து, முக்கி, முனகி, வயிற்றால் உந்தி ஏறினாள். ஏறித் திரும்பி, மடியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

கனமாக இருந்தாள். தொடை எலும்பில் வலி விண்ணென்று தெறித்தது. இசக்கி அசையவில்லை. அணைத்துக்கொள்ளக்கூட இல்லை, குழந்தையின் உச்சந்தலை வாசனை மூக்கருகில் இருந்தது, அதை மட்டும் மெதுவாக உள்ளே இழுத்தாள். எண்ணெயும் வேர்வையும் பாலுமாக ஒரு வாசனை. எந்தக் கருவியும் அதை மேலே அனுப்பித் தந்ததில்லை.

வாசலில் கோழி ஒன்று கொக்கரித்தது. நாச்சியார் தலையைத் தூக்கிக் கேட்டாள். ஏறிய மாதிரியே சேலையைப் பிடித்துச் சறுக்கி இறங்கி, திரும்பிப் பாராமல் வாசலை நோக்கித் தவழ்ந்து போனாள்.

"பாத்தியா, அதுக்குள்ள போயிட்டா" என்றான் பேச்சிமுத்து. "கூட்டியாரட்டுமா?"

"வேண்டாம். அவளுக்குத் தோணினா வருவா" என்றாள் இசக்கி.

தொடை வலித்தது. காலை மடக்கிக்கொண்டால் வலி குறையும் என்று அவளுக்குத் தெரியும். மடக்காமல், வாசலைப் பார்த்தபடி, கால்களை அப்படியே நீட்டி உட்கார்ந்திருந்தாள்.